அந்த வரைபடத்தை யார் பார்த்தார்கள்?

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகும் பேருந்தில் நீங்கள் ஏறியிருந்தால், மலை தொடங்குவதற்குச் சற்று முன்பு காளப்பநாயக்கன்பட்டி என்ற ஊரைக் கடந்திருப்பீர்கள். அதற்கு அப்பால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைமேல் ஊர்கள். காளப்பநாயக்கன்பட்டியில் நின்று தேநீர் குடித்துவிட்டு மலையேறுவது பலருக்கு வழக்கம். மலையில் நடந்த செய்தி கீழே இறங்குவதும், ஊர்ச் செய்தி மேலே ஏறுவதும் பெரும்பாலும் அந்தத் தேநீர்க் கடைப் பெஞ்சுகள் வழியாகத்தான்.

1994-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் அந்தப் பெஞ்சு ஒன்றில் அமர்ந்து நான் ஒரு செய்தியை உரக்கப் படித்தேன். அப்போது நான் அப்பகுதிப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். எங்கள் ஊர்கள் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தன. நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரியில். செய்தி இதுதான்: திருவனந்தபுரத்தில் ராக்கெட் விஞ்ஞானி நம்பி நாராயணன் கைது, மாலத்தீவுப் பெண்கள் இருவர் மூலமாக ராக்கெட் இரகசியங்களைப் பாகிஸ்தானுக்கு விற்றாராம். கடையில் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். நானும்தான். அன்று பிற்பகல் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, படித்தவன் நாட்டைக் காட்டிக் கொடுத்த கதையை மாணவர்களுக்கு உருக்கமாகச் சொன்னேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். அவனுடைய தந்தை நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வேலை செய்தவர். "சார், அந்தப் படத்தை யாருங்க சார் பாத்தது? படத்தை மட்டும் பாத்து லாரிக் கூண்டே கட்ட முடியாதுங்கன்னு எங்கப்பா சொல்லும். ராக்கெட் எப்படிங்க சார் கட்டுவாங்க?" என்று கேட்டான்.

"பத்திரிகைக்காரன் பொய்யா போடுவான்? உட்காருடா" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு பீதியிலிருந்து இன்னொரு பீதி

கதை திருவனந்தபுரத்தில் தொடங்குவதாகத்தான் எல்லோரும் எழுதுவார்கள். உண்மையில் அதற்கு முன் சூரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1994 செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் குஜராத்தின் சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றியதாகச் செய்தி பரவியது. சில நாட்களுக்குள் பல இலட்சம் மக்கள் நகரைவிட்டு ஓடினர். பல நாடுகள் இந்தியாவுக்கு வரும் விமானங்களை நிறுத்தின. இறந்தவர்களின் எண்ணிக்கை கடைசியில் ஐம்பதைச் சற்றே தாண்டியது. அது சிறிய துயரமல்ல. ஆனால் பரவிய அச்சத்துக்கும் நோயின் அளவுக்கும் பொருத்தமே இல்லை.

அந்தச் சமயத்தில் மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்ற பெண் திருவனந்தபுரத்தில் தங்கியிருந்தார். விமானம் ரத்தானதால் ஊர் திரும்ப முடியவில்லை என்று கூறி, விசாவை நீட்டித்துத் தரக் கேட்டுக் காவல் அலுவலகத்துக்குப் போனார். நீட்டிப்புக் கிடைக்கவில்லை. அக்டோபர் 20-ஆம் நாள், விசாக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருந்தார் என்ற குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டார். அதுவரை வழக்கு அவ்வளவுதான். ஆனால் அவருக்கு டி. சசிகுமாரன் என்ற விண்வெளி விஞ்ஞானியோடு தொலைபேசித் தொடர்பு இருந்தது என்பது வெளிவந்ததும், உளவு என்ற சொல் பத்திரிகைகளில் ஏறிவிட்டது. மாலத்தீவுப் பெண், ராக்கெட் விஞ்ஞானி, தொலைபேசி. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதினாலே போதும். கதையின் மீதியை வாசகரே கட்டிக்கொள்வார்.

நவம்பர் 13-ஆம் நாள் அரசாங்க இரகசியச் சட்டத்தின்கீழ் புதிய வழக்குப் பதிவாயிற்று. ஃபௌசியா ஹசன் என்ற இன்னொரு மாலத்தீவுப் பெண்ணும் கைதானார். பிறகு சசிகுமாரன். நவம்பர் 30-ஆம் நாள் நம்பி நாராயணன். பெங்களூரைச் சேர்ந்த கே. சந்திரசேகர், எஸ். கே. சர்மா என்போரையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் செய்தி. கோடிக்கணக்கான பணம் கைமாறியது என்றார்கள். இரகசியச் சந்திப்புகள் நடந்தன என்றார்கள். கட்டுக்கட்டாக வரைபடங்கள் போயின என்றார்கள். எழுதியவர்களில் யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை, பணத்தையும் பார்க்கவில்லை. ஒரு பத்திரிகையில் வந்ததை இன்னொரு பத்திரிகை எடுத்து எழுத, அதையே சான்றாகக் காட்டி முதல் பத்திரிகை மறுநாள் மேலும் எழுதியது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே சந்தேகம் எழுப்பிய செய்தியாளர் சிலரும் கேரளத்தில் இருந்தனர். அவர்களைக் கேட்பார் இல்லை.

யார் இந்த நம்பி நாராயணன்?

1941 டிசம்பர் 12-இல் நாகர்கோவிலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார். 1966-இல் தும்பா ராக்கெட் தளத்தில் சேர்ந்தார். அப்போது தும்பாவில் மாதா கோயில் கட்டடமே அலுவலகம். ராக்கெட் பாகங்கள் சைக்கிளில் போன காலம். விக்ரம் சாராபாயின் ஊக்கத்தால் 1969-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, ராக்கெட் உந்துவிசை பற்றிப் படித்துத் திரும்பினார்.

அக்காலத்தில் நம்மவர்களின் கவனம் பெரும்பாலும் திட எரிபொருளில் இருந்தது. திட எரிபொருள் ராக்கெட் என்பது பெரிய வாணம் போன்றது; பற்ற வைத்தால் தீரும்வரை எரியும். திரவ எரிபொருள் அப்படியல்ல. எரிபொருளும் அதை எரிக்கும் பொருளும் தனித்தனித் தொட்டிகளில் இருக்கும், பம்புகள் இரண்டையும் எரிகலத்துக்கு அனுப்பும், வேண்டும்போது நிறுத்தலாம். கனமான செயற்கைக் கோள்களை உயரே ஏற்ற இதுவே தேவை என்று வாதாடியவர்களில் நம்பி நாராயணன் முதன்மையானவர்.

1974-இல் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவர்களுடைய 'வைக்கிங்' என்ற திரவ எரிபொருள் இயந்திரத்தின் தொழில்நுட்பத்தை இந்தியா பெறும். ஈடாக இந்தியப் பொறியாளர்கள் பிரான்சில் அவர்களுக்காக வேலை செய்வார்கள். கணக்கு, 100 மனித ஆண்டுகள் உழைப்பு. அதாவது 50 பேர் 2 ஆண்டு உழைத்தாலும் சரி, 20 பேர் 5 ஆண்டு உழைத்தாலும் சரி. நம்பி நாராயணன் தலைமையில் ஒரு குழு பிரான்சின் வெர்னோன் நகருக்குச் சென்றது.

இங்கேதான் கூண்டுப் பட்டறைக்காரர் மகனின் கேள்வியை நினைத்துப் பாருங்கள். நம்மவர்களிடம் வரைபடங்கள் எல்லாம் இருந்தன; திருடாமல், முறைப்படி வாங்கியவை. வரைந்தவர்களோடு பக்கத்தில் நின்று வேலை செய்த அனுபவமும் இருந்தது. அப்படி இருந்தும், இந்தியாவில் செய்த இயந்திரம் வெர்னோன் நகரில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது 1985-இல். ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள்! அந்த இயந்திரந்தான் 'விகாஸ்'. நமது திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் அதற்கான சோதனை மேடைகள் எழுந்தன.

ஏன் இவ்வளவு காலம்? பட்டறைக்குப் போய் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரைபடத்தில் அளவு இருக்கும். எந்த உலோகத்தை எவ்வளவு சூடாக்கி எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்பதில் பாதிதான் எழுத்தில் இருக்கும். பற்றவைப்பவரின் கை எப்படி நகர வேண்டும் என்பது எந்தத் தாளிலும் இராது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இயந்திரம் சுமார் 40 டன் எரிபொருளை ஏறத்தாழ இரண்டரை நிமிடத்தில் குடித்துவிடுகிறது. அந்த வேகத்தில் ஓடும் பம்பில் ஒரு மயிரிழை பிசகினாலும் மொத்தமும் வெடிக்கும். பல தொழிற்சாலைகள், பல நூறு கைகள், பல தோல்விகள் சேர்ந்துதான் ஓர் இயந்திரம்.

இல்லாத பொருளை விற்பது எப்படி?

பத்திரிகைகள் மிகுதியாக எழுதியது 'கிரையோஜெனிக்' இயந்திரத்தைப் பற்றி. மீக்குளிர் இயந்திரம் என்று தமிழில் சொல்லலாம். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் இதில் எரிகின்றன. ஆக்சிஜன் திரவமாவது மைனஸ் 183 டிகிரி சென்டிகிரேடில். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில். திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டர் 71 கிராம்தான் எடை. ஆகவே மிகப் பெரிய தொட்டி வேண்டும். அந்தக் குளிரில் சாதாரண எஃகு கண்ணாடி போல் நொறுங்கும். நுண்ணிய இடுக்கு இருந்தாலும் ஹைட்ரஜன் கசியும். இத்தனை தொல்லையும் எதற்கென்றால், ஒவ்வொரு கிலோ எரிபொருளும் தரும் உந்துவிசை மற்ற எரிபொருள்களைவிட மிக அதிகம்.

இத்தொழில்நுட்பத்துக்காக இந்தியா 1991-இல் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாசோடு ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களும் வேண்டும், செய்முறையும் வேண்டும் என்பது பேச்சு. அமெரிக்கா எதிர்த்தது, 1992 மே மாதம் இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. இயந்திரங்கள் மட்டும் தருவோம், செய்முறை தரமாட்டோம் என்று ஒப்பந்தம் மாறிற்று. கடைசியில் பேசியபடி ஏழு இயந்திரங்கள். 1994 நவம்பரில் அவற்றில் ஒன்றுகூட இந்தியாவுக்கு வந்து சேரவில்லை. சொந்தமாகச் செய்யும் திட்டமோ அந்த ஆண்டில்தான் தொடங்கியிருந்தது.

அப்படியானால் விற்றதாகச் சொன்னது எதை? இந்தியாவிடமே இல்லாத இயந்திரத்தின் இரகசியத்தையா? இக்கேள்விக்கு விடை காண உளவுத் துறையில் வேலை செய்திருக்க வேண்டியதில்லை. ரஷ்ய ஒப்பந்தம் முறிந்த செய்தி முந்தைய ஆண்டு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்ததே! நானே வகுப்பில் அதைப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஓராண்டு கழித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தபின் நினைவு வேலை செய்வதில்லை போலும்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 15-இல் இந்தியாவின் சொந்த மீக்குளிர் இயந்திரத்தோடு ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் பறந்தது. எரிபொருள் பம்பு நின்றுபோய்க் கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-இல்தான் முதல் வெற்றி. தொடங்கியதிலிருந்து இருபது ஆண்டுகள் ஆயின. நாட்டின் முழு முயற்சியும் பின்னால் இருந்தபோதே இருபது ஆண்டுகள்.

நூறாண்டுக்கு முன் ஒரு குப்பைக் காகிதம்

1994 அக்டோபர் 15-ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. முதன்முறையாக வெற்றி கண்டது. ஐந்தே நாளில் மரியம் ரஷீதாவின் கைது. அதே அக்டோபர் 15-ஆம் நாள், சரியாக நூறாண்டுக்கு முன் 1894-இல், பாரிஸ் நகரில் ஆல்பிரட் டிரைஃபஸ் என்ற இராணுவக் காப்டன் கைதானார். நாட்கள் ஒத்துப்போவதில் பொருள் எதுவும் இல்லை, தற்செயல்தான். தற்செயல் ஒற்றுமைக்கு இல்லாத பொருளைக் கற்பித்ததுதான் டிரைஃபஸ் வழக்கின் பாதிக் கதை என்பதால் குறிப்பிட்டேன்.

பாரிசில் இருந்த ஜெர்மானியத் தூதரகத்தின் குப்பைக் கூடையிலிருந்து ஒரு கடிதம் கிடைத்தது. பிரெஞ்சு இராணுவச் செய்திகளைத் தருவதாக எவரோ எழுதியது. கையெழுத்து டிரைஃபஸுடையது போல் இருந்தது. அவர் யூதர் என்பது அன்றைய பாரிசில் பலருக்குப் போதுமான சான்றாகிவிட்டது. முதலில் பார்த்த கையெழுத்து நிபுணர், இது அவருடையது என்று உறுதி சொல்ல மறுத்தார். உடனே வேறொருவரை அழைத்தார்கள். அவர் அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன். குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்து அடையாளம் காணும் முறையைக் கண்டவர். உலகப் புகழ் பெற்றவர். ஆனால் கையெழுத்து அவர் துறையன்று. அவர் டிரைஃபஸ்தான் எழுதினார் என்றார். எழுத்து ஒத்துப்போன இடங்களும் சான்று. ஒத்துப்போகாத இடங்களும் சான்று, ஏனெனில் தம் எழுத்தைத் தாமே மாற்றி எழுதியிருக்கிறாராம்! எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி என்று வரும்படி ஒரு கொள்கை. இத்தகைய கொள்கையை எந்தச் சான்றாலும் மறுக்க முடியாது. அதனாலேயே அது விஞ்ஞானம் ஆகாது.

பெர்த்தியோன் கணக்கும் போட்டார். கடிதத்தில் திரும்ப வந்த 13 நீண்ட சொற்களின் தொடக்கத்தையும் முடிவையும் கொண்டு 26 ஒப்பீடுகள் செய்தார். அவற்றில் 4 இடங்களில் ஒற்றுமை கண்டார். ஓர் ஒற்றுமை தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று; ஆகவே நான்கும் தற்செயலாக வருவது ஐந்தில் ஒன்றை நான்கு முறை பெருக்கினால் வரும் 0.0016, அதாவது பத்தாயிரத்தில் 16 என்றார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

இதைக் கணித மேதை ஆன்றி புவன்காரே படித்தார். அவருடைய மறுப்புக் கடிதம் 1899-இல் ரென் நகரில் நடந்த மறு விசாரணையில் வாசிக்கப்பட்டது. நீங்களே ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பெர்த்தியோன் சொன்ன வாய்ப்பு, நான்கே ஒப்பீடுகள் செய்து நான்கும் ஒத்துப்போனால் பொருந்தும். அவர் செய்ததோ 26. ஐந்தில் ஒன்று வீதம் 26 இடங்களில் தேடினால், சராசரியாக ஐந்து ஒற்றுமைகள் தற்செயலாகவே கிடைக்கும். கிடைத்ததோ நான்கு! தற்செயலுக்கும் ஒன்று குறைவு. இதற்காக ஒரு மனிதர் தென் அமெரிக்கக் கரைக்கு அப்பால் பேய்த்தீவு என்ற பாறைத் தீவில் தனிச் சிறையில் கிடந்தார். 1904-இல் புவன்காரேயும் வேறு இரு கணித அறிஞர்களும் மீண்டும் முழுமையாக ஆராய்ந்து, பெர்த்தியோனின் முறைக்கு அறிவியல் மதிப்பே இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை தந்தனர். 1906-இல் டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று.

உண்மையான எழுத்துக்காரர் எஸ்தரேசி என்ற அதிகாரி என்பதை 1896-இலேயே கண்டுபிடித்தவர் பிக்கார் என்ற இராணுவ அதிகாரி. அவருக்கு யூதர்கள்மேல் நல்லெண்ணம் கிடையாது. ஆனாலும் இரு கையெழுத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்ததை மேலிடத்தில் சொன்னார். அதற்காக அவரைத் தூரப் பாலைவனத்துக்கு மாற்றினார்கள்; பிறகு சிறையிலும் வைத்தார்கள். எழுத்தாளர் எமிலி ஸோலாவின் பெயரை எல்லோரும் அறிவர். எனக்கென்னவோ பிக்கார்தான் பெரியவராகத் தெரிகிறார்.

சோதித்தபோது

கேரளத்துக்குத் திரும்புவோம். 1994 டிசம்பர் முதல் வாரத்தில் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறையான சி.பி.ஐ.யிடம் வந்தது. அவர்கள் செய்த வேலையில் மாயம் ஒன்றும் இல்லை. சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்தார்கள். பணம் கைமாறியது என்றால் பணம் எங்கே? சோதனையிட்டபோது அப்படி எதுவும் அகப்படவில்லை. வரைபடங்கள் போயின என்றால் எவை காணவில்லை? அப்படி எதுவும் தொலைந்ததாகத் தெரியவில்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் சந்தித்தார்கள் என்றால் அந்த நாளில் அவர்கள் எங்கே இருந்தார்கள்? வாக்குமூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன, சந்திப்புகள் மெய்ப்படவில்லை. விசாரணைக் காவலில் தம்மை அடித்ததாகவும், நெடுநேரம் நிற்க வைத்ததாகவும் நம்பி நாராயணன் கூறினார். 50 நாள் காவலுக்குப் பின் 1995 ஜனவரியில் ஜாமீனில் வந்தார்.

1996 ஏப்ரலில் சி.பி.ஐ. தன் இறுதி அறிக்கையை எர்ணாகுளம் நீதிமன்றத்தில் கொடுத்தது. குற்றச்சாட்டுகள் பொய்யானவை, உளவு நடந்ததற்குச் சான்று இல்லை என்பது முடிவு. மே 2-ஆம் நாள் நீதிமன்றம் அதை ஏற்று ஆறு பேரையும் விடுவித்தது. அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மாநில அரசு மறுபடியும் விசாரிக்க முற்பட்டது. சதீஷ் தவான், யு. ஆர். ராவ், யஷ்பால் போன்ற மூத்த விஞ்ஞானிகள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். 1998 ஏப்ரல் 29-இல் உச்ச நீதிமன்றம் மறு விசாரணையைத் தடுத்து வழக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மரியம் ரஷீதா அதுவரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். விசா நீட்டிப்புக் கேட்கப் போனவர்!

நம்பி நாராயணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் திரவ எரிபொருள் இயந்திரங்களின் பக்கம் அவர் திரும்பிப் போகவில்லை. மேசை வேலை பார்த்து 2001-இல் ஓய்வு பெற்றார். அவர் வழக்கு நடத்திக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம், அவருடைய கைது தேவையற்றது என்று கூறி, 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு தரக் கேரள அரசுக்கு உத்தரவிட்டது. தவறு எப்படி நடந்தது என்று ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட சந்திரசேகர் அத்தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள் பெங்களூரில் இறந்துபோனார். 2019-இல் நம்பி நாராயணனுக்குப் பத்மபூஷண் விருது வந்தது.

இந்த வழக்கைப் புனைந்ததாக முன்னாள் அதிகாரிகள் ஐவர்மீது 2024-இல் சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அவர்களின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்துள்ளன. நான் இங்கே எழுதவில்லை. குற்றப்பத்திரிகை என்பது தீர்ப்பு அன்று. முப்பது ஆண்டுக்கு முன் அந்த வேறுபாட்டை மறந்ததால்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டி வந்தது.

இப்படிப்பட்டவை விஞ்ஞானிகளுக்கும் காப்டன்களுக்கும் மட்டும் நேர்வன என்று எண்ணிவிடாதீர்கள். 2018 மே மாதம் தமிழ்நாட்டில் பிள்ளை பிடிப்பவர்கள் திரிவதாகக் கைபேசிகளில் செய்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. ஊரார் சூழ்ந்து அடித்தார்கள். வயது முதிர்ந்த ஒரு பெண்மணி அங்கேயே உயிரிழந்தார். அச்செய்தியை அனுப்பியவர்களில் எவரும் பிள்ளை பிடிப்பவர் ஒருவரைக்கூடக் கண்டதில்லை. எங்கள் மலையடிவாரத்துக்கும் அது வந்தது. பழைய பொருள் வாங்க வந்த ஓர் ஆளைச் சிலர் நிறுத்தி வைத்துவிட்டார்கள். கடைக்கார அம்மா, "என்ன ஆளுய்யா நீங்க, எந்த ஊர்ல எந்தப் புள்ளய காணோம், அதச் சொல்லுங்க மொதல்ல" என்று அதட்டினார். ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அந்த ஆள் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

1998-இல் தீர்ப்பு வந்தபோது பள்ளி கோடை விடுமுறையில் இருந்தது. உள்பக்கத்தில் சிறிய செய்தியாகப் படித்தேன். அதைத் தேநீர்க் கடையில் நான் உரக்கப் படிக்கவில்லை. 1994-இல் என்னிடம் படித்த வகுப்பு அதற்குள் பள்ளியைவிட்டே போயிருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்; பிறகு நினைப்பதையும் விட்டேன்.

2018 செப்டம்பரில் காளப்பநாயக்கன்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். கடைசி வரிசைப் பையன். இப்போது நாமக்கல்லில் சொந்தமாகக் கூண்டுப் பட்டறை வைத்திருக்கிறான். மகனை மலைக்கு அழைத்துப் போகிறான். அன்றைய பத்திரிகை அவன் கையில் இருந்தது. "சார், இதுல போட்டிருக்கறது, அப்ப நீங்க எங்களுக்குச் சொன்னீங்கள்ல, அந்த ராக்கெட் திருடருங்களா சார்?" என்று கேட்டான்.

படத்தை யார் பார்த்தது என்று தான் கேட்டது அவனுக்கு நினைவில்லை. நான் சொன்னது மட்டும் இருபத்து நான்கு ஆண்டுகளாக நினைவில் இருந்திருக்கிறது. அவனையும் அவன் மகனையும் பெஞ்சில் உட்கார வைத்து, சூரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மலைப் பேருந்து இரண்டு போய்விட்டன. மறு வாரம் அந்த வகுப்பில் படித்த மற்றவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினேன். இதுவரை பதினொரு பேர் கிடைத்திருக்கிறார்கள்.